அந்த ஸ்பொஞ்சைக் கழுவாதே

தெஹிவளை,
வியாழன் இரவு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ கதைத்தபோது அம்மாவும் பக்கத்தில் நின்றாள். அதனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சனிக்கிழமை புது வீட்டுக்குப் போகிறோம், நாலடி மீன் தொட்டி வந்துவிட்டது, பில்டரையெல்லாம் பளிச்சென்று கழுவிக்கொண்டு போகப்போகிறேன் என்றாய். "பளிச்சென்று" என்றதும் எனக்குத் திக்கென்றது.

2003 இல் வெள்ளவத்தை வாடகை வீட்டைவிட்டு இந்தத் தொடர்மாடிக்கு வந்தோமே, உனக்கு ஒன்பது வயது. அம்மா சட்டி பானையைக் கரி போகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. தொட்டி, கல், பில்டர் ஸ்பொஞ்ச் எல்லாவற்றையும் பைப்படியில் வைத்துத் தேய்த்தேன். புது வீட்டுக்கு அழுக்கோடு போவதா என்ற எண்ணம். முதல் இரண்டு நாளும் மீன்கள் நன்றாகத்தான் ஓடித் திரிந்தன. மூன்றாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. ஒன்பதாம் நாள் பதினொரு மீனில் ஒன்றுதான் மிச்சம். நீ அழுதாய். கடைக்காரர் தந்த தீனி பழுது என்று நான் சொன்னேன். அது பொய், பிள்ளை.

உண்மையில் நான் அந்தக் கடைக்குச் சண்டை பிடிக்கத்தான் போனேன். அந்த மனிதர் நான் கத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்பொஞ்சை எதில் கழுவினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பிறகு தன் தொட்டியிலிருந்து கறுத்துச் சளி பிடித்த ஒரு ஸ்பொஞ்சை எடுத்து, பொலித்தீன் பையில் தொட்டித் தண்ணீரோடு போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. நீ அந்தக் கடைப் பக்கமே போகமாட்டேன் என்று வருடக்கணக்காக அடம்பிடித்தாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அவர் விளக்கியது இதுதான். மீன் கழிப்பது அம்மோனியா. ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைத் தண்ணீர் மாற்றியே சமாளிக்கலாம். அந்தக் குடி புதிதாக ஊன்ற 4 முதல் 6 கிழமை பிடிக்கும். எங்கள் பைப்புக்கு வரும் களனி ஆற்றுத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் குளோரின் போட்டு அனுப்புகிறார்களே, அந்தக் குளோரினில் நான் முழுக் குடியையும் அழித்துவிட்டேன்.

ஆகவே உன் பழைய ஸ்பொஞ்ச்தான் சாமான்களிலேயே பெறுமதியானது. அழுக்கு மிஞ்சிப்போனால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்துவிடு. காயவிடாதே. தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் போட்டு, மூடியை இறுக்காமல் கொண்டு போ, அதற்கும் காற்று வேண்டும். புதுத் தொட்டியில் பழைய பில்டரும் புது பில்டரும் ஒரு மாதமாவது சேர்ந்து ஓடட்டும். பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமக்காதே. நுண்ணுயிர் தண்ணீரில் கொஞ்சம்தான் இருக்கும்.

லண்டன் தண்ணீர் வேறு சாதி. உன் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். அங்கே குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமைன் போடும் இடங்களும் உண்டு. குளோரினாக இருந்தால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோரமைன் அப்படிப் போகாது. அதை முறிக்கும் மருந்தைத் தொட்டியின் முழு அளவுக்கும் கணக்குப் பார்த்துப் போடு. நாலடித் தொட்டி என்றால் 240 லீற்றர் வரும், தண்ணீர் மட்டுமே 240 கிலோ. தரை மட்டமா என்று மருமகனைப் பார்க்கச் சொல். நாளைக்கே நிரப்பி, ஒரு நாள் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை தீனி போடாதே. சனிக்கிழமை ஹீற்றரின் கரண்டைக் கழற்றி இருபது நிமிஷம் ஆறவிட்டுத்தான் தண்ணீரை இறை, சூட்டோடு காற்றுப் பட்டால் கண்ணாடி வெடிக்கும். (இங்கே 27, 28 பாகைத் தண்ணீரில் வளர்த்த எனக்கு ஹீற்றர் என்றாலே விளங்காத சாமான்தான்.) மீன்களை மூடியுள்ள வாளியில் பழைய தண்ணீரோடு விடு, துள்ளிப் பாயும். ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டி கிடைத்தால் குளிர் தாக்காது.

போன பிறகு அவசரப்படாதே. வேலைக் களைப்பில் தண்ணீர் மாற்றாமல் விட்ட கிழமைகள் இருக்கும், அந்தத் தண்ணீர் குழாய்த் தண்ணீரிலிருந்து நிறைய மாறியிருக்கும். புதுத் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக முக்கால் மணி நேரம் வாளியில் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடு. அன்றைக்கு லைட் போடாதே. அடுத்த ஒரு கிழமை தீனி பாதி போதும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதி. துளி காட்டினாலும் கால்வாசித் தண்ணீரை மாற்று. தொட்டி பெரிதென்று புது மீன் வாங்கிவிடாதே, அது ஒரு மாதம் பொறுக்கட்டும்.

உன்னிடம் உள்ள மீன்களில் செரி பார்பும் பிளாக் ரூபியும் நம் நாட்டு ஓடைகளிலே மட்டும் இயற்கையாக உள்ள சாதிகள், தெரியுமா? பிளாக் ரூபியைச் சிங்களத்தில் புலத் ஹபயா என்பார்கள், வெற்றிலை சப்புகிறவன் என்று அர்த்தம். ஆண் சிவந்து நிற்கும்போது பார், அம்மம்மாவின் வாய்தான். இடம் மாறிய ஓரிரண்டு நாள் நிறம் வெளுத்துப்போகும். அதற்காக ஏதாவது மருந்தைக் கொட்டிவிடாதே.

அந்தக் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, உன்னிடமாவது கேட்டுவிட்டேன்.

முதலில் பால் காய்ச்ச வேண்டுமாம், அம்மா சொல்லச் சொன்னாள். சரி, காய்ச்சுங்கள். ஆனால் அடுப்புக்காக பில்டரின் பிளக்கைக் கழற்றிவிடாதீர்கள்.

அன்புடன்,
அப்பா