வைஃபை வேணும்னா விண்டோஸ் போடுன்னா எப்படி சார்?

ஆசிரியருக்கு வணக்கம்,

கோவை பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பிஎச்டி பண்றேன். இந்த செமஸ்டர் ஆரம்பத்துல ஒரு சர்க்குலர் வந்துச்சு, இனிமே கேம்பஸ் வைஃபை வேணும்னா அவங்க குடுக்கிற செக்யூரிட்டி சாப்ட்வேரை நம்ம சொந்த லேப்டாப்ல போட்டுக்கணுமாம், கூடவே ஒரு ரூட் சர்டிபிகேட்டும் (எந்த வெப்சைட்டை நம்பலாம்னு நம்ம மெஷினுக்குச் சொல்ற அத்தாட்சி ஃபைல்) ஏத்திக்கணுமாம். அந்த சாப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும்தான் இருக்கு. நான் வெச்சிருக்கிறது உபுண்டு, விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ்ல ஒரு வகை. நெட்வொர்க் ரூம்ல போய் கேட்டா "லினக்ஸா? அது ஹேக்கிங் பண்றவங்க வெச்சிருக்கிறதாச்சே, விண்டோஸ் போட்டுட்டு வாங்க தம்பி"ன்னு சிரிக்கிறாங்க. கூத்து என்னன்னா என் ஆண்ட்ராய்டு போன் அதே வைஃபைல ஒரு கேள்வியும் இல்லாம கனெக்ட் ஆகுது, ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுறதும் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்தானே சார்.

அவங்க பயப்படுறதுல நியாயமே இல்லன்னு சொல்லல. 2003 ஆகஸ்ட்ல பிளாஸ்டர்னு ஒரு வார்ம் (நெட்வொர்க் வழியா தானே பரவுற வைரஸ் மாதிரி) பரவுனப்ப, லீவு முடிஞ்சு பசங்க தூக்கிட்டு வந்த கம்ப்யூட்டரால அமெரிக்காவுல பல யுனிவர்சிட்டி நெட்வொர்க் திணறிப்போச்சு. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்கிற வானாக்ரை வந்து உலகத்தையே ஆட்டுச்சு. ஆனா பிளாஸ்டருக்கான பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) ஜூலையிலயே வந்தாச்சு, வானாக்ரைக்கு மார்ச்லயே வந்தாச்சு, போடாம விட்ட மெஷின்தான் பெரும்பாலும் மாட்டுச்சு, அதுவும் ரெண்டு தடவையும் அடி வாங்குனது விண்டோஸ். அப்போ கேக்க வேண்டியது அப்டேட் போட்டிருக்கியா, ஃபயர்வால் ஆன்ல இருக்கான்னுதானே? வாசல்ல செருப்பைக் கழட்டுன்னு சொன்னா கழட்டுறோம், எந்தக் கடையில வாங்குன செருப்புன்னு கேட்டா என்ன பண்றது.

எனக்கு அதைவிட உறுத்துறது அந்த ரூட் சர்டிபிகேட். அதை ஏத்திட்டா, பூட்டு போட்டு போற நம்ம ட்ராஃபிக்கை நடுவுல இருக்கிற ஃபயர்வால் பெட்டி பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி மூடி அனுப்ப முடியும், பேங்க் பாஸ்வேர்டு உட்பட. பிரவுசர்ல அந்தப் பூட்டுக் குறியோ என்னமோ ஒண்ணு வழக்கம்போலத்தான் தெரியும், எச்சரிக்கை எதுவும் வராது. 2012-ல சைபரோம்ங்கிற கம்பெனியோட இந்த மாதிரி பெட்டிங்க எல்லாத்துலயும் ஒரே சர்டிபிகேட், ஒரே சாவி இருந்தது வெளிய வந்துச்சு, இணையத்துல அடையாளம் தெரியாம உலாவ சாப்ட்வேர் செய்ற டார் ப்ராஜெக்ட் ஆளுங்கதான் சொன்னாங்க. அதாவது ஒரு பெட்டியில இருந்து சாவியை எடுத்தா இன்னொரு பெட்டிக்காக சர்டிபிகேட் ஏத்துனவன் ட்ராஃபிக்கையும் திறந்துடலாம். அந்தக் கம்பெனி அப்புறம் அதை சரி பண்ணுச்சு, இருந்தாலும் பாதுகாப்புக்குன்னு வெச்ச பெட்டியே ஓட்டையாகும்னு தெரிஞ்சுபோச்சில்ல.

நம்ம அரசாங்கம் 2011-ல இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்போ அதுல விண்டோஸோட பாஸ்ங்கிற லினக்ஸும் சேத்துதான் குடுத்தாங்க, அந்த பாஸை உருவாக்குனது மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கோட சென்னை மையம். அந்த லேப்டாப்ல லினக்ஸ் கத்துக்கிட்டு வந்த பசங்க எங்க ஹாஸ்டல்லயே உண்டு, அவங்களையும் இப்போ வெளிய நிறுத்துறாங்க.

காலேஜ் லேப் கம்ப்யூட்டர்ல அவங்க என்ன வேணா போடட்டும், அது அவங்க மெஷின். எங்க மெஷினுக்கு வேற வழியே இல்லாமலா போச்சு? காலேஜ், யுனிவர்சிட்டிகளுக்கான எடுரோம்னு ஒரு வைஃபை ஏற்பாடு இருக்கு, இந்தியாவுல கல்வி நிறுவனங்களுக்கு நெட்வொர்க் குடுக்கிற எர்நெட் நடத்துது, யூசர்நேம் பாஸ்வேர்டு குடுத்தா லினக்ஸ், மேக் எதுவா இருந்தாலும் உள்ள விடும். மாணவர் மெஷினை தனி விலான்ல, அதாவது காலேஜ் மெஷின்களோட சேராம பிரிச்சு வெச்ச நெட்வொர்க்ல போடலாம், வைரஸ் ட்ராஃபிக் வந்தா அந்த ஒரு மெஷினை மட்டும் துண்டிக்கலாம். காலேஜ் நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா சர்க்குலர்ல "விண்டோஸ்"ங்கிற வார்த்தைய எடுத்துட்டு "அப்டேட் செய்த சிஸ்டம்"னு மாத்துங்க, அந்த சர்டிபிகேட்டையும் விட்டுடுங்க.

இப்போதைக்கு போன் ஹாட்ஸ்பாட்லதான் வண்டி ஓடுது. டேட்டா சாயங்காலத்துக்குள்ள தீந்துடுது, அதைக்கூட சமாளிச்சுடுவேன், லைப்ரரி காசு கட்டி வாங்குன ஜர்னல் எல்லாம் கேம்பஸ் ஐபில, அதாவது காலேஜ் நெட்வொர்க்ல இருந்தாத்தான் திறக்குது.

இப்படிக்கு,
ஒரு ஆராய்ச்சி மாணவன், கோவை