இத்தாலியின் பொலோஞாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம். உங்கள் ஊரில் இரண்டு வருடம் முதுகலை படித்தவன் நான். மனசில் இருப்பது அப்படியே வருவது தமிழில்தான் என்பதால் தமிழில் எழுதுகிறேன். கூடப் படித்த நண்பர் இத்தாலியனில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் வந்து இறங்கியது ஒரு செப்டம்பர் மாதம். எல்லோரும் 'போஸ்தோ லெத்தோ' தேடிக்கொண்டிருந்தார்கள். முழு அறைகூட இல்லை. இன்னொருவரோடு பங்கு போடும் அறையில் ஒரு கட்டில் போடும் இடம். ட்ஸம்போனி தெருவில், வகுப்புக்குப் போகும் வழியில், தூணில் ஒட்டியிருந்த தாளிலிருந்து ஒரு எண்ணைக் கிழித்துக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். என் இத்தாலியன் இரண்டு வாக்கியம் காதில் விழுந்ததும் "ஆள் வந்தாச்சு" என்று வைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து, தெற்கு இத்தாலியின் புல்யாவிலிருந்து வந்திருந்த என் வகுப்புத் தோழி அதே எண்ணுக்குப் பேசினாள். கட்டில் காலியாகத்தான் இருந்தது. சாயங்காலமே வந்து பார்க்கச் சொன்னார்கள். அவள் போகவில்லை. அவளுக்கு வேறு இடம் கிடைக்க நவம்பர் ஆகிவிட்டது.

இதை யார்மீதும் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. உங்கள் ஊரின் வரலாற்றைப் படித்தபிறகு இந்த விஷயத்தை உங்களிடம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பல்கலைக்கழகம் தொடங்கியது 1088 என்று எங்கும் எழுதியிருக்கிறது. 800ஆவது ஆண்டு விழாவை 1888இல் கொண்டாடுவதற்காகக் கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு குறித்த வருடம் அது. உண்மையில் யாரும் ஒருநாள் அடிக்கல் நாட்டித் தொடங்கவில்லை. சட்டம் படிக்க ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள். கூட்டம் கூடக் கூட வாடகை ஏறியது, சாப்பாட்டு விலை ஏறியது. அந்நியர்கள் என்பதால் ஊர்ச் சட்டம் அவர்களைக் காக்கவில்லை. தனித்தனியாக நின்றால் ஒன்றும் நடக்காது என்று சங்கம் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்துக்குப் பெயர்தான் 'உனிவெர்சித்தாஸ்'. இன்று உலகம் முழுக்கப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கும் பெயர், வாடகை கட்டமுடியாமல் திண்டாடிய பிள்ளைகள் தங்கள் சங்கத்துக்கு வைத்துக்கொண்ட பெயர். தங்கள் தலைவரான ரெக்டரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். பாடத்துக்குத் தாமதமாக வந்த ஆசிரியருக்கு அபராதம் போட்டார்கள்.

அப்புறம் வாடகை. மாணவர் குடியிருக்கும் வீட்டை, கூடுதல் வாடகை தருகிறேன் என்று இன்னொருவர் தட்டிப் பறிக்கக் கூடாது என்ற விதியை 1189இலேயே போப் மூன்றாம் கிளெமெந்த் உறுதி செய்தார். வாடகையை நிர்ணயிக்க மாணவர் தரப்பும் ஊரார் தரப்பும் சேர்ந்த குழு இருந்தது. அதற்கு உடன்படாத வீட்டில் மாணவர் யாரும் குடிபோகக் கூடாது என்று சங்கம் தடை போடும். ஊரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியும் விடுவார்கள், ஏனென்றால் பல்கலைக்கழகத்துக்கென்று சொந்தக் கட்டடமே கிடையாது. 1222இல் அப்படிக் கிளம்பிப் போனவர்களால்தான் பதுவா நகருக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது.

உங்கள் தெருக்களும் இதே கதையைத்தான் சொல்கின்றன. வந்து குவிந்த ஜனத்துக்கு இடம் போதாமல், மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறை எடுத்தார்கள்; அதைத் தாங்கத் தூண் கொடுத்தார்கள். போர்த்திகோ, அதாவது தெருவோரத்தில் தூண் வரிசையோடு கூரை போட்ட நடைபாதை, வந்தது இப்படித்தான். 1288இல் புது வீடு கட்டுகிற எவரும் அதை வைத்தே கட்டவேண்டும் என்று சட்டமும் வந்தது. குதிரைமேல் வருபவர் தலை இடிக்காத உயரம் வேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருக்கும். ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் இசோலானி வீட்டின் ஓக் மரத் தூண்களை நான் பலமுறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெடித்து, கருத்து, எழுநூறு வருடத்துக்கு மேலாக அந்த மாடியைத் தாங்கி நிற்கின்றன. எங்கள் பக்கம் வழிப்போக்கர் படுத்து எழுவதற்கென்றே வீட்டு வாசலில் திண்ணை வைத்துக் கட்டுவார்கள். அந்தத் தூணடியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு என் தாத்தா வீட்டுத் திண்ணை ஞாபகம் வரும். 62 கிலோமீட்டர் நீளத்துக்குத் திண்ணை கட்டிய ஊர் உங்களுடையது. 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அவற்றில் தேர்ந்தெடுத்த பகுதிகளைத்தான்.

அதே தூண்களுக்கு மேலே இருக்கும் அறைகளில் பல இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. அதில் வருமானம் கூடுதல் என்பது தெரியும். மாணவர்களால் உங்களுக்குத் தொல்லை இல்லையா என்றால், உண்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டு ஊருக்குப் போனவர்களை எனக்கே தெரியும். மாணவர்கள் கூடும் வெர்தி சதுக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்கும் சத்தத்துக்கு நானும் தூக்கம் கெட்டவன்தான்.

ஆனால் வழி ஏற்கெனவே இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 431ஆம் எண் சட்டம், மாணவர்களுக்கென்றே ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை ஒப்பந்தம் போட இடம் தருகிறது. வீட்டுக்காரர் சங்கமும் குடித்தனக்காரர் சங்கமும் பேசி முடிவு செய்த வரம்புக்குள் வாடகை வைத்தால், வாடகை வருமானத்துக்கு 21 சதவீதம் போகும் வரி 10 ஆகக் குறையும். இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி வாடகை வைக்கும் அந்தப் பழைய குழுவின் வேலைதான் இது. மாணவருக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இல்லை என்றால், வெளியூர் மாணவருக்கான உதவித்தொகை முழுதாகக் கிடைக்காது. கணக்கில் காட்டாமல் கையில் வாங்கும் வாடகை அந்தப் பிள்ளைக்கு இரட்டை நஷ்டம்.

எனக்குக் கடைசியில் கட்டில் கொடுத்தவர் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. முதல் நாளே ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, நிதானமாக வாசித்துக் காட்டினார். பாதி புரியவில்லை. மறுபடியும் வாசித்தார். அந்தப் பொறுமையைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

இந்தச் செப்டம்பரில் மதுரையிலிருந்து எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி அங்கே படிக்க வருகிறாள். அவளுக்கு வேண்டியது ஒரு கட்டில், ஒரு மேசை, ஜூலை வரைக்கும் பதிவு செய்த ஒப்பந்தம். அவளுடைய இத்தாலியன் என்னுடையதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் மெதுவாகத்தான் பேசுவாள். அவள் கூப்பிட்டால், சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊரில் படித்த ஒருவன்