தட்டுப்போரும் பிணப்போரும்

காங்கயம்

மாப்ளே,

உன் கடிதம் வந்து எட்டு மாசம் ஆச்சு. திட்டுவதை எல்லாம் சேர்த்து வை, நோம்பிக்கு வரும்போது ஆத்தா கைக் கம்பஞ்சோறு தின்றுகொண்டே திட்டு. எல்லோரும் சுகம். சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மேக்காலக் காட்டில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டோம், வெறும் புழுதி.

போர் என்று எழுதினாலே இப்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன மாசம் தோட்டத்துச் சாளையில் மூன்று நாள் கூடினோம். படம் வரைகிற நம் கரித்துண்டு, தமிழ் வாத்தியார், உடுக்கடிக்கிற அண்ணன், பவானிசாகர் ஈழ அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா, நான். போரைப் பற்றி நாம் பேசுகிற சொற்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது, பிறகு வரைவது, பாடுவது.

வாத்தியார் தொல்காப்பியத்தில் தொடங்கினார், போருக்கெல்லாம் பூப் பெயர். மாட்டை ஓட்டிப் போனால் வெட்சி, மண்ணுக்கு ஆசைப்பட்டுப் போனால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, வென்றால் வாகை. நீயும் நானும் கிணத்துமேட்டில் உட்கார்ந்து உருப்போட்டதுதான். "புருசன் செத்தவளுக்கு என்ன பூ?" என்றான் கரித்துண்டு. அவளுக்கும் இடம் இருக்கிறதாம், காஞ்சியில், தாபத நிலை என்று. மாப்ளே, அது நம் நினைவில் ஏன் இல்லை? வாகை சூடினான் என்று இன்றைக்கும் தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் எழுதுகிறோம். தாபதம் என்ற சொல்லை நான் ஐம்பது வயதில் கேட்கிறேன்.

அடுத்து வந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. புறநானூறு 369ஆம் பாட்டு, பரணர் பாடியது. போர்க்களத்தை வயலாக்கி, பிணக்குவியலை 'போர்பு' என்கிறார். நம் தொண்டுபட்டிக்குப் பக்கத்தில் அப்புச்சி அடுக்கி வைத்திருந்தாரே சோளத்தட்டுப் போர், அதே சொல். களம் என்பதும் கதிரடிக்கிற இடம்தானே. சாவை அறுவடையாகக் காட்டிவிட்டால் கேட்கிற அரசனுக்கு மனசு நோகாது. பரணர் பெரிய கவிதான், அதனால்தான் இந்த உவமை எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா அதுவரை பேசவில்லை. "போர் எண்டு நாங்கள் சொல்லுறேல்ல. செல் அடிச்சவங்கள், ஓடினனாங்கள், பங்கருக்க கிடந்தனாங்கள்" என்றார். எல்லாம் வினைச்சொல், கவனித்தாயா? அவர் வாயால் சொல்லவே மறுத்த ஒரே சொல் 'பாதுகாப்பு வலயம்'. 2009இல் வன்னியில் இலங்கை அரசு அறிவித்த அந்த வலயத்துக்குள்ளேயே செல் குண்டு விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது. அவருடைய தங்கை குடும்பம் அதற்குள் இருந்தது. கரித்துண்டு அந்தச் சொல்லைத் துணியில் பெரிதாக எழுதிவிட்டு, அன்றைக்கு முழுக்க வேறொன்றும் வரையவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி உடுக்கடிக்கிற அண்ணன் அண்ணமார் கதையில் படுகளம், அதாவது வீரர்கள் விழுந்து கிடக்கிற இடம், பாடினார். உனக்குத்தான் தெரியுமே, விழுந்து கிடப்பவர்களை அண்ணமாரின் தங்கை தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். அந்த இடம் வந்ததும் அவர் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். எழுப்பவில்லை. தோட்டமே அமுங்கிக் கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து அக்கா சொன்னார்: "எங்கட ஆக்கள எழுப்ப ஒருத்தரும் வரேல்ல." அதற்குப் பிறகு அவரே செம்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார், பாடி முடிக்கச் சொன்னார்.

இதில் உன் தம்பிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவன் கம்பெனியில் கைக்குழந்தைக்கெல்லாம் பட்டாளத்துப் புள்ளி பனியன் அடிக்கிறானே, அந்த வித்தையை வளர்த்தவர்களும் ஓவியர்கள்தான். 1915இல் பிரெஞ்சுப் படை பீரங்கிகளை மறைக்க ஓவியர்களைச் சேர்த்துத் தனிப் பிரிவே வைத்தது. கரித்துண்டுக்கு இதைக் கேட்டதிலிருந்து ஒரே கோபம். மறைக்கப் பழகின கையாலேயே காட்டவும் வேண்டும் என்கிறான்.

நோம்பிக்கு வரும்போது திருப்பூரில் இறங்கி, தம்பியிடம் அந்தப் புள்ளித் துணியில் கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை வாங்கிக்கொண்டு வா. அக்காவும் ஆத்தாவும் அதில் படுகளம் தைக்கப் போகிறார்கள். தங்காளை எங்கே நிறுத்துவது என்பதில் இருவருக்கும் இன்னும் வழக்கு.

உன்,
சாளைக்காரன்