பிரான்சின் மொன்பெலியே நகரில் அறை தேடும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியை வைத்த பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். வாடகைக்குப் பிணையாக நீ கொடுத்த என் சம்பளச் சீட்டை வீட்டு முகவர் பார்த்துவிட்டு, போதாது என்று திருப்பிக் கொடுத்தாராம். என்னிடம் நீ சொன்னது, "அந்த அறை பிடிக்கவில்லை அப்பா." பொய் சொல்ல உனக்கு இன்னும் வரவில்லை, பிள்ளை. குரல் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

வாடகையைப் போல் மூன்று மடங்கு சம்பளம் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். இருபத்தெட்டு வருடமாக ஒரே உணவகத்தின் குசினியில் நிற்கிறேன். எங்கள் வீட்டு வாடகையும் உன் அறை வாடகையும் சேர்த்து அந்தக் கணக்குக்கு நான் எட்டப் போவதில்லை. இதில் எனக்கு வெட்கமில்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருந்தது. காலையில் போய்விட்டது.

பிணைக்கு என்னைக் காட்டுவதை விட்டுவிடு. விசால் என்று ஒரு திட்டம் இருக்கிறது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்குக் காசு வாங்காமல் பிணை நிற்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் ஓர் ஒப்புதல் தாள் தருவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அது உன் கையில் இருக்க வேண்டும், பிறகு கேட்டால் கிடையாது. இன்றே செய். எல்லா வீட்டுக்காரரும் ஏற்பார்கள் என்றில்லை, ஆனால் கோப்பில் அந்தத் தாளை மேலே வைத்துப் பார். வங்கிக் கணக்கு விவரத்தையும் அந்த முகவர் கேட்டாராமே? அது சட்டப்படி கேட்கக்கூடாத தாள். இனி யார் கேட்டாலும் கொடுக்காதே.

அடுத்தது, நீ அனுப்பிய அந்த அன்டிகோன் பகுதி அறை விளம்பரம். தனிக் குளியலறை, பால்கனி, மாதம் 350 யூரோ. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம். வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகும் முன் எந்தப் பெயரில் யார் பணம் கேட்டாலும் அங்கேயே எழுந்து வந்துவிடு. 1993-ல் பாரிஸில் லா சப்பேல் பக்கத்தில் ஒருவர் எனக்கு வாசலில் நின்றபடியே ஓர் அறையைக் காட்டினார். மூவாயிரம் பிராங்க் கொடுத்துச் சாவி வாங்கினேன். மாலை பெட்டியோடு போனால் சாவி பூட்டுக்குள்ளேயே போகவில்லை. அந்தச் சாவியை நெடுநாள் வைத்திருந்தேன். எதற்கென்று அம்மா கேட்பாள், எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நாங்கள் ஏழு பேர் ஓர் அறையில் இருந்தோம். இரவு வேலைக்காரர் மூவர், பகல் வேலைக்காரர் நால்வர். ஒருவர் எழுந்த மெத்தையில் சூடு ஆறுமுன் அடுத்தவர் படுப்பார். வாடகைக்கு விடும் வீட்டில் பிரதான அறை 9 சதுர மீட்டராவது, இல்லையென்றால் 20 கன மீட்டராவது இருக்க வேண்டும் என்று 2002-ல் விதி வந்தபோது எங்கள் அறையை நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்காதே. பழைய நகரத்தில் கூரைக்குக் கீழே இருக்கும் அறை என்றாயே, அங்கே அளவுநாடாவோடு போ. சரிவான கூரை என்றால் நிமிர்ந்து நிற்கக்கூடிய இடத்தை மட்டும் அள. மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார். அந்த ஊர் வெயிலில் ஓட்டின் கீழ் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். மொன்பெலியேயில் 2022 ஜூலையிலிருந்து வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது, அந்தத் தொகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தளபாடத்தோடு மாணவருக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் என்றால் 9 மாதம் போதும், கோடையில் வீட்டுக்கு வந்துவிடுவாய். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது.

குரூஸ் என்ற அரசு மாணவர் சேவையின் விடுதியை இன்னும் கைவிடாதே. மே 31 வரை இருந்த விண்ணப்பத்தை நீ 30-ஆம் தேதி இரவு போட்டாய். அதற்கு அப்போதே திட்டிவிட்டேன், இப்போது வேண்டாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பிள்ளைகளின் அறைகள் திரும்ப வரும். காலையும் மாலையும் அவர்களுடைய இணையதளத்தைத் திறந்து பார். திரியோலே விடுதி கிடைத்தால் விஞ்ஞான பீடத்துக்கு நடந்தே போகலாம்.

எது கிடைத்தாலும் நுழைந்த வாரமே குடும்பக் கொடுப்பனவு அலுவலகமான காஃபுக்கு வீட்டு உதவி கேட்டு விண்ணப்பம் போடு. முதல் மாதத்துக்குத் தரமாட்டார்கள், பிந்திப் போட்டால் போன மாதங்களுக்கும் தரமாட்டார்கள். நீ வீட்டு உதவி வாங்கினால் எங்கள் கணக்கிலிருந்து உன்னை எடுத்துவிடுவார்கள், தம்பி ஒருவன்தான் மிஞ்சுவான், ஒரு பிள்ளைக்குக் குடும்பக் கொடுப்பனவு கிடையாது. இதை நினைத்துத்தான் நீ தயங்குகிறாய் என்று தம்பி சொன்னான். நானும் அம்மாவும் இரண்டு இரவு கணக்குப் பார்த்துவிட்டோம். போடு.

பூத்தொனே பகுதியில் தனியாக இருக்கும் அந்த வயதான அம்மையாரின் வீட்டு அறையை ஏன் கடைசியில் சொன்னாய்? எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. 60 வயதுக்கு மேற்பட்டவர் 30 வயதுக்குட்பட்டவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்க 2018 முதல் தனி ஒப்பந்தமே இருக்கிறது. வாடகை சிறிய தொகைதான். ஒத்துவராவிட்டால் ஒரு மாத அறிவித்தலோடு வெளியேறலாம். என்னென்ன உதவி எதிர்பார்க்கிறார், இரவில் நீ எத்தனை மணிக்கு வரலாம் என்பதையெல்லாம் முன்பே எழுத்தில் வாங்கு. வாய்ப்பேச்சில் விட்டால் மார்கழியில் மனக்கசப்பு வரும்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. பாரிஸ் கார் து லியோன் நிலையத்தில் காலை ரயில் பிடித்தால் மதியத்துக்குள் வந்துவிடுவேன். அம்மா ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் பொரித்த கருவாடும் கட்டி வைத்திருக்கிறாள். அந்த அம்மையாரின் குசினி ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்று மட்டும் அதற்குள் கேட்டுச் சொல்.

அப்பா
லா கூர்நேவ்