மூஞ்சிக்கல் ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சூரியனின் படங்களைத் திரையில் காட்டும் நம் நிரல் சனிக்கிழமை பள்ளியில் ஓடிவிட்டது. "சார், சூரியனில் எனக்குப் பதினொரு கரும்புள்ளி, அவனுக்கு ஒன்பதுதான்" என்று பிள்ளைகள் சண்டை போட்டபோதுதான் நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த பசி திரும்பியது. நிரலை லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றும்போது நடந்த கூத்து உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி பாடப்போவதில்லை.

நன்றியில் பெரும்பங்கு நிரலாக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவருக்கு.

என் மடிக்கணினியில் ஒழுங்காக ஏறிய செருகுநிரல் (முதன்மை நிரலோடு இணைந்து ஓடும் துணை நிரல்) பள்ளிக் கணினிகளில் ஏறவில்லை. நிரலாக்கக் கருவிகளின் வாடையே படாத ஒரு விண்டோஸ் கணினி வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மழையில் நனைந்தபடி கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்து கேட்டேன். பட்டா, சிட்டா நகலுக்கு ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கடைக்கார அக்கா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "ஓரத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அதில் பில் மட்டும்தான் போடுவேன்" என்றார்.

சோதனையை ஓடவிட்டுவிட்டு வண்டியிலிருந்த பையை எடுக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது கணினி அணைந்திருந்தது. ஆனால் யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்த சில நிமிடங்களில், திரையில் இருந்த ஆங்கிலப் பிழைச் செய்தி முழுவதையும் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி வைத்திருந்தார் அக்கா. "தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்" என்று நீட்டினார். ஒரு தப்பும் இல்லை. கடைசியில் 126 என்ற எண்கூட இருந்தது.

அந்த எண்தான் விடை. 193 வந்திருந்தால் 32 பிட், 64 பிட் என்ற இரு வகைக் கணினிகளுக்கான கோப்புகள் கலந்துவிட்டன என்று பொருள். அதுதான் காரணம் என்று நானாக முடிவுகட்டி, இரண்டு நாள் நிரலைத் திரும்பத் திரும்பத் தொகுத்துக்கொண்டிருந்தேன் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றுவதுதான் தொகுப்பது). 126 வேறு வகை. 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று விண்டோஸ் சொல்லும். கோப்போ கண்ணெதிரே இருக்கும். பல நேரம் கிடைக்காதது அந்தக் கோப்பு நம்பியிருக்கும் வேறொரு டிஎல்எல், அதாவது விண்டோஸில் நிரல்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு. அதன் பெயரை மட்டும் சொல்லித் தொலைக்காது! எங்கள் கணக்குப் பகுதி ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதியது. அதற்கான டிஎல்எல் நூலகங்கள் தொகுப்பானோடு சேர்ந்து என் கணினியில் குடியேறியிருந்தன, மற்றவர்களிடம் ஏது? மின்சாரம் வந்ததும் அவற்றைச் செருகுநிரலின் பக்கத்தில் வைத்தேன். ஏறவில்லை. முதன்மை நிரலான எக்ஸி கோப்பு இருக்கும் இடத்துக்கு மாற்றினேன். ஏறிவிட்டது.

வெளியே மழை, மூட்டம். உள்ளே திரையில் முழுச் சூரியன். பட்டா வரிசை கலைந்து கணினியைச் சூழ்ந்துகொண்டது. "ஆப்சர்வேட்டரி இருக்கிற ஊரிலேயே வளர்ந்தேன், சூரியனில் புள்ளி இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்" என்றார் அக்கா. அந்தப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் இதே கொடைக்கானலில்தான் கண்டறிந்தார் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக இந்தப் படங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். கடைத்தெருவில் ஒருவருக்கும் காட்டியதில்லை.

முன்பு திரையில் சூரியப் படம் பாதியில் அறுந்து வந்ததன் காரணத்தைத் தொலைபேசியிலேயே பிடித்த மதுரைப் பேராசிரியருக்கும் (படக் கோப்பைப் பைனரியாக, அதாவது எழுத்துக் கோப்பாகக் கருதாமல் பைட்டுகளாகவே, திறக்காவிட்டால், 26 என்ற பைட்டைக் கண்டதும் கோப்பே முடிந்தது என்று விண்டோஸில் வாசிப்பு நின்றுவிடுகிறது, தவறு என்னுடையது), பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்ததால் இன்னொரு பிழையைக் காட்டிக்கொடுத்த ஆசிரியைக்கும், பென்டிரைவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த வத்தலக்குண்டு பஸ் நடத்துநருக்கும் சேர்த்து நன்றி.

அக்கா அந்த மதியத்துக்குப் பணம் வாங்கவில்லை. நான் எடுத்த இரண்டு பக்கப் பிரிண்டுக்கு மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார். இனி என் மடிக்கணினியில் ஓடியதை வைத்து 'முடிந்தது' என்று அறிவிக்கமாட்டேன். அடுத்த பதிப்பு முதலில் அந்த ஓரக் கணினியில்தான் ஓடும், பட்டா வரிசை முடிந்த பிறகு.