செயலாளரின் ஆண்டறிக்கை: கன்யாகா போய் வந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் திட்டமிட்ட 4 பயணங்களில் 2 தான் நடந்தன. ஒன்றை மழை கெடுத்தது. மற்றொன்றுக்கு ஆள் சேரவில்லை. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பர்ரா செப்புச் சுரங்கப் பயணத்தின் படங்களைப் பின்சுவரில் ஒட்டியிருக்கிறோம், பார்த்துக்கொள்ளவும்.

ஆகஸ்டில் கன்யாகா சென்றதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். (கடலில் குளிக்க மாற்றுத்துணி எடுத்துவந்த உறுப்பினருக்கு மீண்டும் ஒருமுறை: அது கன்னியாகுமரி.) தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகருக்கு வடக்கே, ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரில், குவார்ன், ஹாக்கர் என்ற சிற்றூர்களுக்கு நடுவே நிற்கிறது இந்தப் பழைய மேய்ச்சல் பண்ணை. 1852 பிப்ரவரியில் ஹியூ ப்ரோபி என்ற பிரபு வீட்டுப் பிள்ளை மாடு மேய்க்கத் தொடங்கிய இடம். அதே ஆண்டு ஆகஸ்டில், புயல்மழையில் மிரண்டோடிய மாடுகளை மடக்கப் போனவரை வில்லோக்ரா ஓடை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஓடையை நாங்கள் பார்த்தபோது கணுக்கால் நனையவும் தண்ணீர் இல்லை.

பிறகு ஜான் பிலிப்ஸ் நிர்வாகத்தில் பண்ணை ஒரு கிராமமாகவே வளர்ந்தது. 70 குடும்பங்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் நல்ல மரம் அரிது; ஆகவே எல்லாமே உள்ளூர்க் கல். கூரைகள் போய்விட்டன, சுவர்களும் கணப்படுப்புகளும் நிற்கின்றன. ஒரு அடுப்பின் உட்புறக் கற்களில் கரி இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது. கல்லிடுக்குச் சாந்தை விரல் பட்டதும் பொடியாக உதிர்வதைக் கண்டு, சுவரில் சாய்ந்து படம் எடுக்க நின்றவர்களை விலகச் சொன்னேன். அதற்காக என்மீது வருத்தம் கொண்டவர்கள் இருக்கிறார்கள்; சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.

மாட்டுப் பண்ணை பின்னர் ஆட்டுப் பண்ணையாக மாறியது. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் 24 பேர் வரிசையாக நின்று கைக்கத்தரியால் கத்தரித்திருக்கிறார்கள். 1864இல் ரோமம் கத்தரித்த செம்மறிகள் 41,000. அந்த ஆண்டே தொடங்கிய வறட்சி 1867 வரை நீடித்து, ஏறக்குறைய 20,000 ஆடுகளைத் தின்றது. 1888இல் பண்ணையைக் கைவிட்டார்கள்.

வறட்சிதான் கன்யாகாவை அழித்தது என்று வண்டியில் திரும்பும்போது பலரும் பேசினார்கள். எனக்கு அது பாதிக் கணக்காகவே படுகிறது. உப்புப்புதர் என்ற வறண்ட நிலத்துச் செடியை மேய்ச்சலுக்கு நம்பிய நிலத்தில் அத்தனை வாய்களை விட்டது யார்? 1865இல் தென் ஆஸ்திரேலிய அரசின் நில அளவைத் தலைவர் கோய்டர், மழையை நம்பலாம் என்ற நிலத்துக்கும் நம்பக்கூடாத நிலத்துக்கும் இடையே ஒரு கோடு கிழித்தார். கன்யாகா அதற்கு வடக்கே. 1870களில் நாலு மழை நன்றாகப் பெய்ததும், அதே அரசு அந்தக் கோட்டைத் தாண்டிக் கோதுமைக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. 1880களில் வானம் பொய்த்தபோது உழவரும் மூட்டை கட்டினார்கள். சற்றுத் தள்ளி ஓடைப் படுகையில் ஒரு மடு இருக்கிறது. பண்ணைக்கு வெகுகாலம் முன்பே அப்பகுதியின் பூர்வகுடிகளான அத்னியமத்தானா மக்கள் அறிந்த நீர் அது. அங்கே நாங்கள் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இடிந்த வீடுகளுக்கே பொழுதைக் கொடுத்துவிட்டோம். அது என் திட்டமிடலின் பிழை.

ஒரு சங்கடமும் நேர்ந்தது. உறுப்பினர் ஒருவர் குப்பைமேட்டிலிருந்து நீலக் கண்ணாடிப் புட்டியின் அடித்துண்டைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். ‘உடைந்த கண்ணாடிதானே’ என்றார். எந்த மேட்டில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது உடைந்த கண்ணாடிதான்; அங்கேயே கிடந்தால் அந்த வீட்டில் யார் என்ன குடித்தார்கள் என்று சொல்லும். செப்டம்பரில் அவரே 4 மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப்போய் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். பெட்ரோல் செலவைச் சங்கம் ஏற்கவில்லை.

வரும் ஆண்டு மடுவுக்கென்றே ஒரு பயணம் போகலாம் என்று முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கை தூக்கவும், மாற்றுத்துணி வேண்டாம்.