ட்ராமும் பஸ்ஸும்: சூரிச்சில் இருக்கும் மகளுக்கு

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். "எங்கட ஏ9 றோட்டு வழியே ஒரு ட்ராம் விட்டால் என்ன அப்பா?" என்று அன்றைக்கு போனில் கேட்டாய். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பஸ் ஓட்டிச் சாப்பிட்டவனுக்கு அதற்கு ஒரு வரியில் பதில் வராது.

அங்கே உங்களோடு வந்து நின்றபோது, ட்ராமில் ஏறினால் முன்பக்கம் போய் கண்ணாடிக்குள்ளால் சாரதியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். தெருவில் பதித்த தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடுகிற 36 மீற்றர் நீள வண்டி, ஸ்ரியறிங் இல்லை. சந்தியை நெருங்க முன்னமே அதற்குப் பச்சை வெளிச்சம் விழுந்துவிடும், கார்கள் காத்து நிற்கும். நேரத்துக்கு வருகிற சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. நிலக்கீழ் ரயில் வேண்டாம் என்று 1973 இல் வாக்குப்போட்ட சனம், 1977 இல் ட்ராமையும் பஸ்ஸையும் விரைவுபடுத்த 200 மில்லியன் பிராங் செலவழிக்கச் சம்மதித்தது. அந்த மனம் இல்லாத ஊரில் ட்ராமும் நெரிசலில்தான் நிற்கும்.

புகை இல்லை, ஒரு சாரதியோடு மூன்று பஸ் சனம் போகும். இரும்பில் இரும்பு உருளுவதால் மின்சாரமும் குறைவாகத்தான் தின்னும். ஆனால் என் மனதில் நின்றது வேறு. சக்கர நாற்காலியில் ஒரு மனுசி ஒருவரையும் கூப்பிடாமல் தானே உருட்டி ஏறினா. தரிப்பும் வண்டித் தரையும் ஒரே மட்டம். எங்கட பஸ்ஸின் மிதிபலகைக்குச் செயற்கைக் காலைத் தூக்கி வைக்கச் சனம் படுகிற பாட்டை நான் எத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்தவன். வன்னிக்கு ட்ராமில் இருந்து எடுக்க ஏதாவது இருந்தால் அந்தத் தாழ்ந்த தரைதான். அதைப் பஸ்ஸிலும் செய்யலாம்.

மற்றது எங்களுக்குச் சரிவராது. தண்டவாளத்தில் ஒரு லொறி பழுதாகி நின்றால் பின்னால் வருகிற ட்ராம் எல்லாம் வரிசையாக நிற்கவேண்டியதுதான். வெட்டி எடுக்க ஏலாது, சட்டென்று பிறேக்கும் பிடிக்காது. இரவில் ஏ9 இல் மாடு படுத்திருக்கிறதை நினைத்துப் பார். சண்டையில் பாதை பூட்டின காலத்தில் நாங்கள் காட்டுப் பாதையால், சேற்றுக்குள்ளால் பஸ் ஓட்டினோம். கோச்சிக்கு, அதுதான் ரயிலுக்கு, அது முடியவில்லை. 1990 இல் நின்றது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயிற்று, 2013 இல்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது.

காசுக் கணக்கும் பார். தண்டவாளம், மேல்கம்பி, மின்நிலையம் எல்லாவற்றுக்கும் முதலே கொட்டவேண்டும். வண்டி முப்பது வருடம் ஓடும், உண்மைதான். ஆனால் நாள் முழுக்க சனம் நிரம்பினால்தான் அது கட்டுபடியாகும். இங்கே பள்ளிக்கூட நேரமும் கந்தோர் நேரமும் போனால் பஸ்ஸில் அரைவாசி இருக்கை வெறுமை.

கொழும்பு வேறு கதை. அங்கே 1899 இல் ட்ராம் ஓடத் தொடங்கி 1960 இல் நிறுத்திவிட்டார்கள். இப்போதைய கொழும்பு நெரிசலைப் பார்க்க, அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் பஸ்காரன் சொல்கிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லாதே.

நீ இப்போது சைக்கிளில் வேலைக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னா. அந்தத் தண்டவாளப் பள்ளத்துக்குள் சைக்கிள் ரயர் அப்படியே இறங்கும். சரிவாக வெட்டாதே, குறுக்கே நேராகக் கட. மழையில் இரும்பு வழுக்கும், இறங்கி உருட்டினாலும் குறைச்சல் இல்லை. நடக்கும்போது மஞ்சள் கடவையிலும் அங்கே ட்ராமுக்குத்தான் முதலிடம், கார் நிற்கிறது என்று அதுவும் நிற்கும் என நம்பாதே. பேரனுக்கும் இதைச் சொல்லிக் கொடு.

அம்மா புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறா. அந்தப் பக்கம் வருகிற ஆள் இருந்தால் சொல்லு.

அப்பா